வற்றிப்போன ஊற்று மறுபடியும் சுரந்தது: இசைமேதை ஹேண்டலின் வாழ்க்கை



ஒரு காலத்தில் நீங்கள் நன்றாகப் பாடினீர்கள். பாட்டு எழுதினீர்கள். ஆர்மோனியத்தில் கை வைத்தாலே ராகம் ஓடி வந்தது. இப்போது? பேனாவை எடுத்தால் ஒரு வரி வரமாட்டேன் என்கிறது. நாலு பேர் முன்னால் ஒரு தடவை சறுக்கியது மனசை விட்டுப் போகவில்லை. இனி நமக்கு வராது, அந்தக் காலம் முடிஞ்சு போச்சு என்று வாத்தியத்தைத் துணி போட்டு மூடி வைத்துவிட்டீர்களா?

அப்படியானால் இந்த மாதம் இந்த மனிதனின் வாழ்க்கையைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். கிறிஸ்துமஸ் வந்தாலும் ஈஸ்டர் வந்தாலும் உலகமெங்கும் பாடகர் குழுக்கள் பாடுகிற அல்லேலூயா கோரஸைக் கேட்டிருப்பீர்கள். அதற்கு இசை அமைத்தவர்தான் ஜார்ஜ் ஃப்ரெடெரிக் ஹேண்டல். அந்தப் பாட்டு பிறந்த வருஷத்தின் ஆரம்பத்தில் அவருடைய கதை முடிந்தது என்றுதான் லண்டன் பட்டணத்தில் பலர் நினைத்தார்கள்.

தகப்பனுக்குப் பிடிக்காத ஆசை

ஜெர்மனி தேசத்தில் ஹாலே என்ற ஊர். அங்கே 1685 பிப்ரவரி 23-ம் தேதி ஹேண்டல் பிறந்தார். தகப்பனார் நாவிதரும் ரண வைத்தியருமாக இருந்து, பிரபுக்களின் அரண்மனை வரைக்கும் உயர்ந்தவர். அவர் பிறந்தபோது தகப்பனுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பிள்ளை வக்கீலாக வேண்டும் என்பது அவருடைய கனவு. சங்கீதம் சோறு போடாது என்பது அவருடைய எண்ணம். ஆனால் பையன் வாசிப்பதைக் கேட்ட ஒரு பிரபு, இவனைத் தடுக்காதே என்று தகப்பனுக்குப் புத்தி சொன்னாராம். அதன் பிறகு உள்ளூர் ஆலயத்தின் ஆர்கன் வாசிப்பாளர் சாக்கோ என்பவரிடம் பையனைச் சேர்த்தார்கள். அஸ்திபாரம் அங்கேதான் போடப்பட்டது.

தகப்பனார் 1697-ல் மரித்தார். பையனுக்கு அப்போது 12 வயது கூட நிரம்பவில்லை. 1702-ல் பல்கலைக்கழகத்தில் பெயர் பதிந்தார். ஆனாலும் மனசெல்லாம் இசையிலேயே இருந்தது. அடுத்த வருஷம் ஹாம்பர்க் பட்டணத்துக்குப் போய் இசை நாடக அரங்கில் வயலின் வாசித்தார். 1706-லிருந்து ஏறக்குறைய நாலு வருஷம் இத்தாலியில் தங்கிக் கற்றுக்கொண்டார். 1711-ல் லண்டனில் அவருடைய ரினால்டோ என்ற இசை நாடகம் மேடையேறியது. பட்டணமே திரும்பிப் பார்த்தது!

ஏறின இடமும் விழுந்த இடமும்

அதற்குப் பிறகு லண்டனே அவருக்கு ஊராகிவிட்டது. ராஜகுடும்பத்தின் தயவு கிடைத்தது. 1727-ல் ஆங்கிலேயக் குடிமகனானார். அதே வருஷம் இரண்டாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழாவுக்கு அவர் அமைத்த கீதங்களில் ஒன்று, அதன் பிறகு நடந்த ஒவ்வொரு முடிசூட்டு விழாவிலும் பாடப்பட்டு வருகிறது.

ஆனால் மேடை உலகம் இன்றைக்குத் தூக்கும், நாளைக்குத் தள்ளும். இத்தாலி மொழியில் பாடுகிற நாடகங்கள் ஜனங்களுக்குச் சலித்துப்போயின. 1728-ல் சாதாரண ஆங்கிலத்தில், தெருப்பாட்டு மெட்டுகளோடு பிச்சைக்காரர்களின் நாடகம் என்று ஒன்று வந்தது. கூட்டமெல்லாம் அங்கே போயிற்று. அதே வருஷம் ஹேண்டல் இருந்த நாடகக் கம்பெனியும் மூடப்பட்டது. மறுபடி தொடங்கினார். 1733-ல் பெரிய மனிதர்கள் சேர்ந்து ஒரு போட்டிக் கம்பெனி ஆரம்பித்து, அவருடைய பேர்போன பாடகர்களை இழுத்துக்கொண்டார்கள்.

1737-ல் சரீரமும் தாங்கவில்லை. அவருக்கு 52 வயது. பக்கவாதம் போன்ற நோய் தாக்கி வலது கை செயலற்றுப் போயிற்று. யோசித்துப் பாருங்கள், ஆர்கன் வாசிப்பவனுக்குக் கை போனால் என்ன மிச்சம்? ஜெர்மனியில் ஆகன் என்ற ஊரின் வெந்நீர் ஊற்றுகளுக்குப் போனார். எல்லாரும் ஆச்சரியப்படும்படி சில வாரங்களிலேயே கை திரும்பவும் வேலை செய்தது. லண்டனுக்கு வந்து மறுபடி எழுதினார்.

கை திரும்பியது, ஜனங்கள் திரும்பவில்லை! 1738-ல் அவர் எழுதிய செர்சே என்ற நாடகம் 5 இரவுகளோடு நின்றது. 1741 ஜனவரியில் தெய்தாமியா என்ற நாடகம் வந்தது. அது 3 தடவைதான் நடந்தது. அதுவே அவர் எழுதிய கடைசி நாடகம். முப்பது வருஷத்துக்கு மேல் கற்ற தொழில், அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த தொழில், அந்தக் கதவு அடைபட்டது. ஹேண்டல் இங்கிலாந்தை விட்டே போகிறார் என்று பட்டணத்தில் பேச்சு எழுந்தது.

சும்மா இருக்காத கை

அந்த வருஷத்தின் வசந்த காலத்திலும் கோடையிலும் அவர் பெரிதாக எதையும் மேடையேற்றவில்லை. ஆனால் அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாரா? இல்லை! ஜூலை மாத ஆரம்பத்தில், இரண்டு பேர் பாடுகிற சின்னச் சின்ன இத்தாலியப் பாட்டுகள் சிலவற்றை எழுதினார். அவை காதல் பாட்டுகள். பெரிய மேடைக்கானவை அல்ல. இதெல்லாம் ஒரு வேலையா என்று யாரும் கேட்டிருக்கலாம். பிரியமானவர்களே, இந்தச் சின்னப் பாட்டுகளை மறந்துவிடாதிருங்கள். சீக்கிரத்தில் இவைகளிடம் திரும்பி வருவோம்.

அதே கோடையில் சார்லஸ் ஜென்னன்ஸ் என்ற செல்வந்தர் அவருக்கு ஒரு காகிதக் கட்டைக் கொடுத்தார். அதில் அவருடைய சொந்த வார்த்தைகள் கிடையாது. ஏசாயா, சங்கீதம், சுவிசேஷம், நிருபங்கள், வெளிப்படுத்தல் என்று வேதத்திலிருந்து வசனங்களைப் பொறுக்கியெடுத்து, மேசியாவின் வருகை, பாடு, உயிர்த்தெழுதல், நித்திய ஜீவன் என்று வரிசையாகக் கோர்த்திருந்தார். இன்னொரு பக்கம் அயர்லாந்து தேசத்து ராஜப்பிரதிநிதியிடமிருந்து, டப்ளினுக்கு வந்து கச்சேரி நடத்தும்படி அழைப்பும் வந்தது.

24 நாட்கள்

1741 ஆகஸ்ட் 22, சனிக்கிழமை. லண்டன் புரூக் தெருவிலிருந்த தன் வீட்டில் ஹேண்டல் எழுத உட்கார்ந்தார். முதல் பாகம் ஆகஸ்ட் 28-ல் முடிந்தது. இரண்டாம் பாகம் செப்டம்பர் 6-ல் முடிந்தது. மூன்றாம் பாகம் 12-ல் முடிந்தது. விட்ட இடங்களை நிரப்பி 14-ம் தேதி பேனாவை வைத்தார். மொத்தம் 24 நாட்கள், 259 பக்கங்கள்! அந்தக் கையெழுத்துப் பிரதி இன்றும் லண்டனில் பத்திரமாக இருக்கிறது. மைக் கறையும் அடித்தலும் திருத்தலுமாக, ஓடுகிற கையின் அடையாளம் பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. கடைசியில் மகிமை தேவனுக்கு மாத்திரமே என்று பொருள்படும் மூன்று லத்தீன் எழுத்துகளைப் போட்டார்.

இந்த 24 நாட்களைப் பற்றி மேடைகளில் பல கதைகள் சொல்வார்கள். அவற்றில் பல, வெகுகாலம் கழித்து எழுதப்பட்டவை. கதை சேர்க்கத் தேவையே இல்லை. நடந்ததே போதும்.

இங்கேதான் அந்த ஜூலை மாதத்துச் சின்னப் பாட்டுகள் வருகின்றன! நமக்கு ஒரு பாலகன் பிறந்ததைப் பாடுகிற பேர்பெற்ற கோரஸ், ஆடுகளைப்போல வழிதப்பித் திரிந்ததைப் பாடுகிற கோரஸ், அவருடைய நுகம் மெதுவானது என்று பாடுகிற கோரஸ், இவையெல்லாம் அந்தச் சின்னப் பாட்டுகளின் மெட்டிலிருந்து எழும்பினவை. யாருக்கும் பெரிதாகத் தெரியாத மாதத்தில், யாரும் கைதட்டாத வேளையில் எழுதினவை. வறண்ட நாளில் செய்த சின்ன வேலைதான் மழைநாளில் தண்ணீர் நிற்கிற குளமாயிற்று.

இன்னொன்றையும் கவனியுங்கள். பழைய பாத்திரம் உடைந்தபோது அதையே ஒட்டவைத்துக்கொண்டு அவர் உட்காரவில்லை. வேஷம், திரை, அலங்காரம் எதுவுமில்லாமல், நின்று பாடுகிற ஒரட்டோரியோ என்ற வேறே பாத்திரத்தை முழுமனசோடு எடுத்துக்கொண்டார். ஆனால் நாடகத்தில் கற்றது ஒன்றும் வீண்போகவில்லை. மனுஷனுடைய துக்கத்தையும் சந்தோஷத்தையும் குரலில் கொண்டுவரத் தெரிந்த அதே கைதான் இங்கேயும் வேலை செய்தது. முடித்தவுடன் ஓய்ந்தாரா? உடனே சிம்சோனின் கதையை எடுத்து, அக்டோபர் முடிவதற்குள் அதையும் ஒருவிதமாக எழுதி முடித்தார்.

டப்ளினில் கிடைத்த தைரியம்

நவம்பர் 18-ம் தேதி டப்ளின் வந்து சேர்ந்தார். மேசியாவை உடனே பாடவில்லை. டிசம்பர் 23 தொடங்கி, முன்பு எழுதிய பாட்டுகளைக் கொண்டு கச்சேரிகள் நடத்தினார். 600 பேர் கொள்கிற மண்டபத்துக்கு முன்பணம் கட்டி ஜனங்கள் வந்தார்கள். 6 கச்சேரி முடிந்ததும் இன்னும் 6 வேண்டும் என்றார்கள். லண்டன் வேண்டாம் என்ற மனிதனை இன்னொரு பட்டணம் ஆவலோடு கேட்டது. அந்த நாட்களில் ஜென்னன்ஸுக்கு அவர் எழுதிய கடிதத்தில் சந்தோஷம் பொங்கி வழிகிறது.

1742 ஏப்ரல் 13, பகல் வேளை. ஃபிஷாம்பிள் தெருவின் இசை மண்டபத்தில் மேசியா முதல் தடவையாகப் பாடப்பட்டது. இன்னும் பல பேருக்கு இடம் கிடைக்கும்படி, பெண்கள் வளையம் வைத்த அகலப் பாவாடை உடுத்தாமலும், ஆண்கள் பட்டயம் கட்டாமலும் வரும்படி முன்னாலேயே பத்திரிகையில் கேட்டிருந்தார்கள். ஏறக்குறைய 700 பேர் நெருக்கியடித்துக் கேட்டார்கள். வசூலான சுமார் 400 பவுண்டும் தர்மத்துக்குப் போயிற்று. இரண்டு மருத்துவமனைகளுக்கும், கடன் கட்ட முடியாமல் சிறையில் கிடந்தவர்களுக்கும் பங்கிட்டார்கள். 142 கைதிகள் வீடு போய்ச் சேர்ந்தார்கள். தன் காலம் முடிந்தது என்று பேசப்பட்ட மனிதனின் பாட்டு, சிறைக் கதவைத் திறந்தது!

மறுபடியும் அடி

இத்தோடு எல்லாம் சுகமாகிவிட்டது என்று எழுதினால் அது பொய்யாகும். 1743-ல் லண்டனில் மேசியாவைப் பாடினபோது, வேத வசனத்தை நாடகக் கொட்டகையில் பாடுவதா என்று எதிர்ப்பு எழுந்தது. 3 தடவையோடு அந்த ஆண்டு நின்றது. வசனம் தொகுத்துக் கொடுத்த ஜென்னன்ஸே, அவசரமாய்ச் செய்துவிட்டார் என்று குறைபட்டார். ஹேண்டல் கோபித்துக்கொண்டு கிழித்துப் போடவில்லை. வருஷா வருஷம் பாடகருக்குத் தக்கபடி திருத்திக்கொண்டே வந்தார். அதே வசந்த காலத்தில் மறுபடியும் நோய் தாக்கியது. 1745-ல் கூட்டம் வராமல் கச்சேரிகளைப் பாதியில் நிறுத்தும்படி ஆயிற்று.

பொழுது விடிய நாளானது. 1747-ல் யூதாஸ் மக்கபேயு வெற்றி பெற்றது. 1750 மே 1-ம் தேதி, கைவிடப்பட்ட குழந்தைகளை வளர்க்கும் லண்டன் விடுதியின் ஆலயத்தில் மேசியா பாடப்பட்டது. கூட்டம் தாங்கவில்லை. 15-ம் தேதி மறுபடி பாடினார்கள். அதற்குப் பிறகு அது வருஷந்தோறும் வழக்கமாகி, அந்தப் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய 7,000 பவுண்டு சேர்ந்தது.

கண் போன பிறகு

1751-ல் யெப்தாவின் கதையை எழுதிக்கொண்டிருந்தார். பிப்ரவரி 13-ம் தேதி, தேவனுடைய தீர்மானங்கள் மனுஷனுக்கு இருளாயிருப்பதைப் பாடுகிற இடத்துக்கு வந்தபோது கை நின்றது. இடது கண் மங்கிவிட்டதால் மேலே எழுத முடியவில்லை என்று அந்தப் பக்கத்திலேயே குறித்து வைத்தார். பத்து நாள் கழித்து, தன் பிறந்த நாளில், கொஞ்சம் தேவலை என்று குறித்துவிட்டு மறுபடி தொடங்கினார். மேசியாவை 24 நாளில் முடித்தவருக்கு இதை முடிக்க ஏழு மாதம் பிடித்தது. ஆனாலும் ஆகஸ்ட் 30-ல் முடித்தார். ஓடின நாளை விட, நொண்டி நொண்டி நடந்த இந்த நாட்களில்தான் அவருடைய தைரியம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

1753-க்குள் பார்வை போய்விட்டது. முன்பு எழுதிய சிம்சோன் பாடப்பட்டபோது, கண் இழந்த வீரன் சூரியனில்லாத இருளைப் பாடுகிற இடத்தில், கண் தெரியாத ஹேண்டல் ஆர்கன் அருகே உட்கார்ந்திருப்பதைக் கண்டு ஜனங்கள் கண்ணீர் விட்டார்களாம். அப்போதும் அவர் வாசிப்பதை நிறுத்தவில்லை. எழுதினதைப் பார்க்க முடியாதே! அப்போதைக்கப்போது மனசில் எழும்பினதை விரலில் கொண்டுவந்தார்.

1759 ஏப்ரல் 6-ம் தேதி கடைசியாக மேசியாவுக்கு வந்திருந்தார். எட்டு நாள் கழித்து, 14-ம் தேதி, பெரிய வெள்ளிக்கு மறுநாள் காலையில் மரித்தார். வயது 74. வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் பண்ணினபோது ஏறக்குறைய 3,000 பேர் கூடினார்கள். மேசியாவின் ஒரு பிரதியைக் குழந்தைகள் விடுதிக்கும், 1,000 பவுண்டை நலிந்த இசைக்காரரின் உதவி நிதிக்கும் எழுதி வைத்திருந்தார். விழுந்தவர்களை அவர் மறக்கவில்லை.

தேவ பிள்ளையே, உனக்கும்

தைரியம் வரட்டும், பிறகு எழுதுகிறேன் என்று காத்திருக்கிறாயா? ஹேண்டலுக்கு அது அப்படி வரவில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது வந்தது. ஒரு தடவை வந்து தங்கிவிடவும் இல்லை. 1737-ல் வந்தது, 1741-ல் வந்தது, 1751-ல் கண் மங்கினபோது திரும்பவும் வரவேண்டியதாயிருந்தது.

ஆகவே இன்று பெரிய பாட்டு வேண்டாம். நாலு வரி போதும். சொந்த வார்த்தை வரவில்லையா? வேதத்தைத் திறந்து ஒரு சங்கீதத்துக்கு மெட்டுப் போட்டுப் பார். இந்த ஊரில் கேட்பார் இல்லையா? பக்கத்து ஊர் சபையில், ஆஸ்பத்திரி வார்டில், சிறைச்சாலையில் கேட்க ஆள் உண்டு. பழைய நோட்டைத் தூக்கி எறியாதே. பாதியில் விட்ட மெட்டு ஒன்று அதில் கிடக்கலாம்.

அந்த வாத்தியத்தின் மேலிருக்கிற துணியை இன்று ராத்திரியே எடுத்துவிடு.