கோசைனின் உடன்பிறப்பும் கும்பகோணத்து இளைஞரும்

சீனிவாச இராமாநுஜனின் வரலாற்றை ஓரளவேனும் அறியாத தமிழ் மாணாக்கர் இலர். 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டிற் பிறந்தார். கும்பகோணத்துச் சாரங்கபாணி சந்நிதித் தெருவில் வளர்ந்தார். தந்தையார் துணிக்கடையொன்றிற் கணக்கெழுதிப் பிழைத்தார். மைந்தர் கல்லூரியிலே தோற்றார், கேம்பிரிட்ஜ் சென்று வென்றார், 32 வயதில் மறைந்தார். இவ்வளவோடு நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரம் உணர்த்திய செய்தியையும் சேர்த்துவிட்டால் பரிசளிப்பு விழாச் சொற்பொழிவு ஒன்று நிறைவுறும்.

பொகவந்தலாவையிலே உயர்தர வகுப்பு மாணவருக்குப் பல ஆண்டுகளாகக் கணிதம் போதித்துவரும் எனக்கு, இத்தகைய பேச்சுக்களைக் கேட்குந்தோறும் ஒரு மனக்குறை எழுவதுண்டு. அப்பெருமகன் செய்த கணக்கு யாது என்று ஒருவரும் கூறுவதில்லை. அவருடைய பக்தியை நான் குறைத்துப் பேசவில்லை. அதனை அவரே மறைத்தாரல்லர். ஆயினும் கணக்கை விடுத்து அற்புதத்தை மட்டும் உரைத்தால், தோட்டத்துப் பிள்ளை அதனைத் தெய்வ அருள் பெற்றவர் காரியமென்று கருதித் தன் கொப்பியை மூடிவிடுகிறது. கணிதப் பிரிவுக்கு ஆசிரியர் போதாத மலையகத்தில் இது சிறு இழப்பன்று. ஆதலின் அவர் வாழ்வை ஒரேயோர் இழையைப் பற்றிக்கொண்டு சொல்ல முயல்கிறேன். அவ்விழை அதிபரவளைவுச் சார்பு.

லயத்து வாசலில் இரண்டு கம்பங்களுக்கிடையே துணி உலர்த்தக் கட்டிய கொடியை நோக்குக. துணி ஏதுமின்றித் தன் பாரத்தால் மாத்திரம் அது தொங்கும்போது ஒரு வளைவு உண்டாகிறது. பார்வைக்கு அது பரவளைவு போலத் தோன்றும், ஆனால் அன்று. அதன் மெய்யான வடிவை 1691இல் லைப்னிற்ஸ், ஹைகன்ஸ், யொகான் பெர்னூயி ஆகிய மூவர் கண்டு கூறினர். இயற்கை மடக்கையின் அடியாகிய, ஏறத்தாழ 2.718 என்னும் எண்ணை ஒரு கணியத்தின் அடுக்குக்கு உயர்த்துக. அதே கணியத்தின் மறை அடுக்குக்கும் உயர்த்துக. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கின் அதிபரவளைவுக் கோசைன் கிடைக்கும், கழித்துப் பாதியாக்கின் அதிபரவளைவுச் சைன் கிடைக்கும். கொடியின் வளைவு முன்னது. வட்டத்தில் கோசைனின் வர்க்கமும் சைனின் வர்க்கமும் கூடி ஒன்றாகும். இங்கோ முன்னதன் வர்க்கத்திற் பின்னதன் வர்க்கத்தைக் கழிக்க ஒன்று வரும். வட்டக் கோசைனுக்குள் கற்பனைக் கோணத்தை இட்டால் அதிபரவளைவுக் கோசைன் பிறக்கும் என்பதால் இவ்விரண்டையும் உடன்பிறப்புக்கள் என்றே நான் வகுப்பிற் கூறுவேன். பதினெட்டாம் நூற்றாண்டில் இவற்றுக்கு உருவும் பெயரும் தந்தோர் இத்தாலியரான ரிக்காற்றியும் பேரறிஞர் லாம்பேட்டும் ஆவர்.

ஊர்ப்பற்றினால் ஒரு செய்தியை இங்கே நுழைக்கிறேன். சைனின் நேர்மாறைக் குறிக்க அதன் தலையில் மறை ஒன்றை இடும் வழக்கத்தை 1813இல் தொடக்கியவர் ஜோன் ஹேர்ஷல். முதுமையில் அவருடைய புகழ்பெற்ற நிழற்படத்தை எடுத்த ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார் 1879இல் இறந்து, எங்கள் பொகவந்தலாவைப் புனித மரியாள் தேவாலயத்து மயானத்திலேதான் துயில்கிறார். அக்குறியீட்டை இன்று எங்கள் பிள்ளைகள் அன்றாடம் எழுதுகின்றனர்.

இராமாநுஜனிடம் மீள்வோம். பதின்மூன்று வயதளவில், கல்லூரி மாணவரொருவரிடம் இரவல் பெற்ற லோனியின் திரிகோணகணித நூலின் இரண்டாம் பாகத்தை அவர் கற்று முடித்தார். அதிபரவளைவுச் சார்புகளை முறையாகக் கற்பிக்கும் நூல் அது. சைன், கோசைன் என்பவற்றை முக்கோணத்தின் பக்கங்களாகக் கொள்ளாமல், முடிவிலாத் தொடர்களாகக் காணும் பார்வை அவருக்கு இளமையிலேயே வாய்த்தது. அவ்வழியிற் சில தேற்றங்களைத் தாமே கண்டு மகிழ்ந்தாரென்றும், அவை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒய்லர் கண்டவை என அறிந்ததும் நாணி, அத்தாள்களை வீட்டுக் கூரையில் ஒளித்து வைத்தாரென்றும் அவர் வரலாறு எழுதியோர் கூறுவர். எனக்கு அவ்வரலாற்றில் மிகவும் பிடித்த நிகழ்ச்சி இதுவே. பிறர் கண்டதைத் தானும் தனித்துக் கண்ட சிறுவன் வெட்கப்பட யாதுமில்லை. அதை அவருக்கு எடுத்துச் சொல்லத்தான் அருகில் ஒருவர் இருந்திலர்.

1903இல் காரின் தொகைநூல் கைக்கு வந்தது. ஆயிரக்கணக்கான தேற்றங்களை நிறுவலின்றி அடுக்கிய நூல். பின்னர் நிகழ்ந்தவை யாவரும் அறிந்தவை. கணிதத்தைத் தவிர வேறொன்றிலும் மனம் செல்லாமையால் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவிப்பணம் பறிபோயிற்று; 1906இலும் 1907இலும் பரீட்சையில் தோல்வி. 1909இல் ஜானகியை மணந்தார். வேலை தேடி அலைந்து, 1912இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபா ஊதியத்தில் எழுதுவினைஞரானார். காகிதம் விலையேறியது, ஆகவே சிலேட்டில் எழுதி, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டிற் பதித்தார். நிறுவலற்ற அக்குறிப்பேடுகளைக் கண்டு வானத்தினின்று விழுந்தவை என்று வியப்போர், அழிந்த சிலேட்டை மறந்துவிடுகின்றனர்.

1913 ஜனவரி 16ஆம் நாளிட்டு ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதத்திலே நம் இழை ஒளிவிடுகிறது. 1, 2, 3 என்னும் எண்களின் ஏழாம் அடுக்குகளின் தலைகீழ்களைக் கூட்டினால் வருவதென்ன? இரட்டை அடுக்குகளுக்கு ஒய்லர் விடை கண்டார். அவ்விடைகளில் பை என்னும் எண்ணின் அடுக்குகள் வரும். ஒற்றை அடுக்குகளுக்கு அத்தகைய விடையை இன்றுவரை எவரும் கண்டிலர். இராமாநுஜன் செய்தது என்ன? ஒவ்வோர் உறுப்பையும் அதற்குரிய அதிபரவளைவுக் கோதாஞ்சனால் பெருக்கினார்: முதலுறுப்புக்குப் பையின் கோதாஞ்சன், அடுத்ததற்கு இரு மடங்கு பையின் கோதாஞ்சன், இவ்வாறே மேலும். இப்பெருக்கிகள் மிகச் சிறிதே ஒன்றை மிஞ்சுபவை. முதலாவது ஏறத்தாழ 1.0037, இரண்டாவது முதல் ஒன்றினின்று வேறுபாடு காண்பதே அரிது. இந்த அற்பத் திருத்தத்தால், மூடிக்கிடந்த தொடர் திறந்துவிடுகிறது. கூட்டுத்தொகை, பையின் ஏழாம் அடுக்கைப் 19ஆற் பெருக்கி 56,700ஆல் வகுத்தது. ஐந்தாறு உறுப்புக்களைக் கூட்டினாலே 1.01209 என்னும் விடை தெளியும். மாணவர் தம் கையாற் செய்து பார்க்கலாம்.

இத்தேற்றத்தையும் சில ஆண்டுகளுக்கு முன்னரே ஐரோப்பாவில் லெர்ச் என்பவர் கண்டிருந்தார். கூரையில் ஒளித்த தாளின் கதையே மீண்டும் நிகழ்ந்தது எனலாம். ஹார்டிக்கு முன் கேம்பிரிட்ஜின் வேறிரு பேராசிரியர்களுக்கு அவர் எழுதிப் பயன் பெறவில்லை என்பர். அவ்விருவருள் ஒருவரெனக் கூறப்படும் ஹொப்சன், அதிபரவளைவுச் சார்புகளுக்குத் தனி அத்தியாயம் வகுத்துத் திரிகோணகணித நூல் செய்தவர்! ஹார்டி கடிதத்தைத் தம் நண்பர் லிற்றில்வுட்டுடன் இருந்து படித்தார். படித்தபின் அதை விட்டிலர்.

1914 ஏப்ரலில் இராமாநுஜன் இலண்டன் சேர்ந்தார். போர், குளிர், சைவ உணவின்மை, 1917 முதல் நோய்; 1918இல் றோயல் சங்க உறுப்புரிமை. இவை பெரிதும் எழுதப்பட்டவை. ஆனால் அவர் அங்கு 1915இல் வெளியிட்ட கட்டுரைகளுள், அதிபரவளைவுக் கோசைனைப் பகுதியிற் கொண்ட தொகையீடுகள் பற்றிய ஆய்வை நம் மேடைகளில் யாரும் நினைப்பதில்லை. அக்கோசைனின் தலைகீழுக்கு ஓர் அரிய குணமுண்டு. பூரியே உருமாற்றத்தில் இட்டால், அளவைத் தக்கவாறு கொண்டவிடத்து, அது தன்னையே திரும்பத் தரும். அத்தகைய சமச்சீரைப் பயன்படுத்தி, கணிக்க இயலாதனபோன்ற தொகையீடுகளை அவர் விடுவித்தார்.

1919இல் தாயகம் மீண்டார். 1920 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில், போலித் தீற்றாச் சார்புகள் எனத் தாம் பெயரிட்ட புதியனவற்றை அறிவித்தார். நோய்ப்படுக்கையிலும் எழுதுவதை அவர் நிறுத்தவில்லை. எழுதிய தாள்களைச் சேர்த்து வைத்தவர் ஜானகி. ஏப்ரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் உயிர் பிரிந்தது.

அத்தாள்கள் இங்கிலாந்து சென்று, பல கை மாறி, ட்ரினிற்றிக் கல்லூரி நூலகத்திற் கிடந்தன. 1976இல் அமெரிக்கப் பேராசிரியர் ஜோர்ஜ் அன்ட்ரூஸ் அவற்றை இனங்கண்டார். போலித் தீற்றாச் சார்புகள் உண்மையில் யாவை என்னும் வினாவுக்கு 2002இல் நெதர்லாந்தின் ஸ்வேகர்ஸ் விடை கண்டபோது, அவர் கையாண்ட கருவிகளுள் ஒன்று அதிபரவளைவுக் கோசைனைப் பகுதியிற் கொண்ட தொகையீடே. இராமாநுஜன் 1915இல் ஆராய்ந்த இனத்தைச் சேர்ந்தது அது.

ஜானகி அம்மையார் தையல் வேலை செய்து, ஒரு பிள்ளையை எடுத்து வளர்த்து, திருவல்லிக்கேணியில் நெடுங்காலம் வாழ்ந்தார். கணவருக்குச் சிலை வைப்பதாகச் சொன்னார்களே, அது எங்கே என்று முதுமையில் அவர் கேட்ட செய்தி வெளிவந்தபின், பல நாட்டுக் கணித அறிஞர் பணம் திரட்டினர். அமெரிக்கச் சிற்பி கிரான்லண்ட் வடித்த வெண்கல மார்பளவுச் சிலை அவர் இல்லம் வந்து சேர்ந்தது. அதன்பின்னும் சில ஆண்டுகள் இருந்து, 1994இல் அவர் காலமானார்.