ரேடியம் தந்த மேடம் கியூரி

ஆபரேஷன் மேஜையில் நோயாளி மயக்கத்தில் இருக்கிறார். வயிற்றில் இருந்த புற்றுக் கட்டியை டாக்டர்கள் அறுத்து எடுத்துவிட்டார்கள். ஆனால் உடனே தையல் போடவில்லை.

கட்டி இருந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத நோய் மிச்சம் இருக்கலாம். எனவே, பக்கத்தில் உள்ள குடலை ஒதுக்கி வைக்கிறார்கள். ஒரு குழாயை அந்த இடத்துக்கு நேராகப் பொருத்துகிறார்கள். எல்லாரும் அறையை விட்டு வெளியேறுகிறார்கள். சில நிமிட நேரம் கதிர் பாய்கிறது. அதன் பிறகுதான் தையல்!

ஆபரேஷன் நடக்கும்போதே கதிர் பாய்ச்சும் இந்த முறை இன்று பல நாடுகளில் இருக்கிறது. கதிரைக் கொண்டு புற்றுநோயை அழிக்கலாம் என்று உலகம் அறியக் காரணமானவர்களில் ஒருவர் ஒரு பெண். அவர்தான் மேடம் கியூரி.

அக்காளுக்காக வேலை

மேரி 1867-ம் ஆண்டு போலந்து நாட்டில் உள்ள வார்சா நகரில் பிறந்தார். தந்தை பள்ளி ஆசிரியர். மேரிக்கு 10 வயதாக இருந்தபோது, தாயார் காசநோயால் இறந்துபோனார்.

அப்போது வார்சாவை ரஷியா ஆண்டுவந்தது. அங்கே பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கு இடம் கிடையாது. அக்காள் புரோனியாவுக்கு டாக்டராக ஆசை. மேரிக்கும் படிக்க ஆசை. கையில் பணம் இல்லை.

சகோதரிகள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். முதலில் அக்காள் பாரிஸ் சென்று படிப்பது. தங்கை வேலை செய்து பணம் அனுப்புவது. பிறகு அக்காள் தங்கையைப் படிக்கவைப்பது. அதன்படி மேரி பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். சம்பளத்தில் மிச்சம் பிடித்து அக்காளுக்கு அனுப்பினார்.

1891-ல் மேரியும் பாரிஸ் போய்ச் சேர்ந்தார். குளிரில் நடுங்கியபடி மாடி அறையில் படித்தார். 1895-ல் விஞ்ஞானி பியரி கியூரியை மணந்தார்.

ஒழுகும் கொட்டகையில்

கணவனும் மனைவியும் சேர்ந்து ஆராய்ச்சி செய்தார்கள். 1898-ல் இரண்டு புதிய பொருள்களைக் கண்டுபிடித்தார்கள். ஒன்றுக்குத் தாய்நாட்டின் நினைவாகப் பொலோனியம் என்று பெயர் வைத்தார் மேரி. இன்னொன்று ரேடியம்.

ரேடியத்தைத் தனியே பிரிக்க வேண்டுமே! கிடைத்ததோ கூரை ஒழுகும் ஒரு கொட்டகை. அங்கே மேரி டன் கணக்கில் தாதுக் கழிவைக் காய்ச்சினார். தம் உயரத்துக்கு இருந்த இரும்புத் தடியால் அதைக் கிளறினார். 1902-ல் கிடைத்த ரேடிய உப்பு ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குதான்!

ரேடியத்தைத் தம் கையில் 10 மணி நேரம் வைத்துப் பார்த்தார் பியரி. தோல் வெந்து புண்ணாயிற்று. ஆற வெகுநாள் பிடித்தது. நல்ல தோலைச் சுடும் பொருள் நோயையும் சுடும் அல்லவா? டாக்டர்கள் ரேடியத்தை வைத்தியத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். ரேடியக் குழாயைக் கட்டிக்குள்ளேயே வைக்கும் வைத்தியம் வந்தது.

எக்ஸ்ரேயும் உதவிக்கு வந்தது. நியூயார்க் டாக்டர் கார்ல் பெக், அறுத்து எடுக்க முடியாத இரைப்பைக் கட்டியை வயிற்றைத் திறந்து வெளியே இழுத்து, எக்ஸ்ரே பாய்ச்சினார். அந்த முறையை 1909-ல் வெளியிட்டார்.

பணம் வேண்டாம்

ரேடியம் பிரிக்கும் முறைக்கு உரிமை வாங்கியிருந்தால், கியூரி தம்பதிகள் கோடீசுவரர் ஆகியிருப்பார்கள். அவர்கள் வாங்கவில்லை. முறையை உலகத்துக்கே சொல்லிவிட்டார்கள்.

1906-ல் பியரி வண்டியில் அடிபட்டு இறந்தார். மேரி இரண்டு பெண் குழந்தைகளை வளர்த்துக்கொண்டே ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 1903-ல் கணவருடன் பெற்ற நோபல் பரிசை, 1911-ல் மீண்டும் பெற்றார். முதல் உலகப் போரில் எக்ஸ்ரே வண்டிகளுடன் போர்முனைக்குச் சென்றார்.

ரேடியத்தைக் கண்டுபிடித்தவருக்கு, 1921-ல் ஒரு கிராம் ரேடியம் வாங்கப் பணம் இல்லை! விலை 1 லட்சம் டாலர். அமெரிக்கப் பெண்கள் நிதி திரட்டிக் கொடுத்தார்கள். பின்னர் 1929-ல் அமெரிக்காவில் கிடைத்த பணத்தில் வார்சாவுக்கும் ரேடியம் வாங்கினார். 1932-ல் அங்கே ரேடியம் நிலையம் திறக்கப்பட்டது. அதன் தலைவி யார் தெரியுமா? அக்காள் டாக்டர் புரோனியாதான்!

தமக்கு இல்லாத காவல்

ஆனால் கதிர் மேரியை விடவில்லை. விரல்கள் புண்ணாயின. ரத்தம் ஊறுவது குறைந்தது. 1934 ஜூலை 4-ந் தேதி மேரி காலமானார். பல ஆண்டுகள் உடலில் பட்ட கதிரே காரணம் என்று கருதப்படுகிறது. அவர் எழுதிய குறிப்பேடுகளில் இன்னும் கதிர் வீசுகிறது. அவற்றை ஈயப் பெட்டியில் வைத்துப் பாதுகாக்கிறார்கள்.

இன்று ஆபரேஷன் அறையில் பாய்வது ரேடியத்தின் கதிர் அல்ல, எந்திரத்தின் கதிர். அளவு தெரியும், இடம் தெரியும். கதிர் பாயும்போது டாக்டரும் நர்சும் வெளியே நிற்கிறார்கள்.

வெளியே நில் என்று மேரியிடம் சொல்ல ஆரம்ப காலத்தில் யாருக்கும் தெரியவில்லை.