மூளையைத் துளைத்த கம்பி... அப்புறமும் 11 வருஷம்! யார் இந்த ஃபினியாஸ் கேஜ்?

1848 செப்டம்பர் 13, அமெரிக்காவின் வெர்மான்ட். ரயில் பாதைக்காகப் பாறையில் வெடிமருந்து இடித்துக்கொண்டிருந்தார் மேஸ்திரி ஃபினியாஸ் கேஜ், வயது 25. மருந்து திடீர்னு வெடிக்க, 6 கிலோ இரும்புக் கம்பி இடது கன்னத்தில் நுழைந்து உச்சந்தலை வழியாகப் பாய்ந்தது. டாக்டர் ஜான் ஹார்லோவின் சிகிச்சையில் ஆள் பிழைச்சுட்டார்.

ஆனா பழைய கேஜ் திரும்பலை. கோபம், கெட்ட வார்த்தை. கம்பெனி மேஸ்திரி வேலையைத் திருப்பித் தரலை. பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இதோட கதையை முடிச்சிடும். பாதிக் கதைதான் அது!

1852இல் சிலிக்குப் போய், குதிரைகள் பூட்டிய பயணிகள் வண்டியைப் பல வருஷம் ஓட்டினார். தினமும் ஒரே மாதிரி வேலை. அந்த ஒழுங்குதான் அவரைத் தேற்றியிருக்கும் என்கிறார்கள் சில ஆய்வாளர்கள்.

1859இல் உடம்பு முடியாமல் சான் பிரான்சிஸ்கோவில் இருந்த அம்மாவிடம் வந்தார். கொஞ்சம் தேறியதும் பண்ணை வேலைக்கும் போனார். பிறகு வலிப்பு. 1860 மே 21 அன்று, 36 வயதில் இறந்தார். அந்தக் கம்பியைக் கடைசிவரை கூடவே வைத்திருந்தார்.