தும்பைப்பட்டி கக்கனும் காக்கிச் சட்டையும்

மேலூர், கொட்டாம்பட்டி, வாடிப்பட்டி பக்கம் நம் பிள்ளைகள் விடியுமுன்பே எழுந்து பள்ளி மைதானத்திலும் கண்மாய்க் கரையிலும் ஓடிப் பழகுகிறார்கள். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கான ஓட்டம் அது. கயிறு ஏறுவதும் நீளம் தாண்டுவதும் ஒரு பாதி என்றால், அரசமைப்பு போன்ற பாடங்கள் மறு பாதி. பிரிவு 17 எதைப் பற்றியது என்ற கேள்விக்கு விடை எழுதிவிட்டு, பலர் அதை அங்கேயே மறந்துவிடுகிறார்கள். அந்தப் பிரிவை நிறைவேற்றிய அரசமைப்பு நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்தவர், பின்னாளில் இம்மாநிலக் காவல் துறைக்கே அமைச்சரானவர், நம் மேலூர் வட்டத்துக்காரர். அவர்தான் பி. கக்கன்.

1908 ஜூன் 18 அன்று தும்பைப்பட்டியில் பிறந்தார். தந்தை ஊர்த் தெய்வத்துக்குப் பூசாரி. சேரியின் தெய்வத்துக்குப் பூசை செய்தவரின் மகன், மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கால் வைக்க முடியாத காலம் அது. படிக்கும்போதே காங்கிரஸ் இயக்கத்தில் சேர்ந்தார். மதுரை வழக்கறிஞர் வைத்தியநாத ஐயரோடு சேர்ந்து தாழ்த்தப்பட்ட பிள்ளைகளின் படிப்புக்காக உழைத்தார்.

1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயருடன் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தவர்களில் கக்கனும் ஒருவர். அன்று அதற்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை. கோயில் தீட்டுப்பட்டதென்று வழக்குப் போட இடமிருந்தது. நுழைவுக்குத் துணை நின்றவர்களை வழக்குகளிலிருந்து காக்க, அப்போதைய ராஜாஜி அரசு அதன் பிறகே சட்டம் கொண்டுவந்தது. நேற்றுவரை குற்றமாகப் பார்க்கப்பட்டது இன்று உரிமையானது. எது குற்றம் என்பதை ஊர் வழக்கம் தீர்மானிப்பதா, சட்டம் தீர்மானிப்பதா என்ற கேள்விக்குக் கோயில் வாசலில் கிடைத்த பதில் அது. 1942இல் வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் கக்கன் சிறை சென்றார். லத்தியும் காவல் நிலையமும் அவருக்குக் கைதியாகவே முதலில் அறிமுகமாயின.

அவர் இருந்த அரசமைப்பு நிர்ணய சபை, 1948 நவம்பர் 29 அன்று தீண்டாமை ஒழிப்புப் பிரிவை ஏற்றது. பிரிவு 17 என இன்று நாம் படிப்பது அதைத்தான். தீண்டாமையை எந்த வடிவிலும் கடைப்பிடிப்பது தண்டனைக்குரிய குற்றம் என்கிறது அது. மற்ற உரிமைகள் பெரும்பாலும் அரசின் கையைக் கட்டுபவை. இது பக்கத்துத் தெருக்காரரின் கையையும் கட்டும். தண்டனை எவ்வளவு என்பதை 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் சொன்னது. கக்கன் அப்போது மதுரையின் மக்களவை உறுப்பினர். டீக்கடையில் தனிக் குவளை, பொதுக் கிணற்றில் மறுப்பு, கோயில் வாசலில் தடை எல்லாம் காவல் நிலையத்தில் பதிவாக வேண்டிய குற்றங்கள் ஆயின.

1957இல் காமராசர் அமைச்சரவையில் பொதுப்பணித் துறையை ஏற்றார். வைகை அணை திறக்கப்பட்டது அந்தக் காலத்தில்தான். 1963இல் பக்தவத்சலம் அமைச்சரவையில் உள்துறை அமைச்சரானார். காவல் நிலைய வாசலில் நிற்கவே அஞ்சிய சேரியிலிருந்து வந்தவருக்குக் காவல் துறை முழுவதும் வணக்கம் வைத்தது. லஞ்ச ஒழிப்புக்கெனத் தனி இயக்ககம் 1964இல் அமைந்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1965 ஜனவரியில் மதுரையில் மூண்ட மோதலோடு இந்தி எதிர்ப்புப் போராட்டம் மாநிலமெங்கும் பரவியது. காவலர் துப்பாக்கிச் சூட்டில் பலர் மாண்டனர். அப்போது துறை அவர் பொறுப்பில் இருந்தது. நம்மவர் என்பதற்காக அந்தக் கணக்கை நாம் தள்ளுபடி செய்ய முடியாது. 1967 தேர்தலில் மேலூர் தெற்கில் தோற்றார். பத்தாண்டு அமைச்சராக இருந்தும் சொத்து சேர்க்கவில்லை. உடல் நலிந்தபோது மதுரை அரசு மருத்துவமனையின் பொது வார்டில் படுத்திருந்தார். 1981 டிசம்பர் 23 அன்று மறைந்தார்.

அவர் மறைந்து பதினாறு ஆண்டுகளில், 1997 ஜூன் 30 அன்று, அதே மேலூர் வட்டத்து மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் சென்றவர்களும் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அப்போது பிரிவு 17 இருந்தது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இருந்தது. சட்டம் தானாக நடந்து ஊருக்குள் வராது; அதைக் கையில் எடுத்துவர ஆள் வேண்டும்.

ஆகவே காவலராகப் போகும் பிள்ளைகளும், காவல் நிலையம் போக நேரும் நாமும் சிலவற்றை மனத்தில் வைப்போம். வாய்மொழியாகச் சொன்ன புகாரை எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி, முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். வன்கொடுமைப் புகாரைப் பதிய முன்விசாரணை தேவையில்லை. புலன் விசாரணையை டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரி நடத்த வேண்டும். வேண்டுமென்றே கடமை தவறும் பட்டியல் சாதி, பழங்குடி சாராத அரசு ஊழியருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை உண்டு. யாரைக் கைது செய்தாலும் காரணம் சொல்ல வேண்டும். வழக்கறிஞரை அணுக விட வேண்டும். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் வற்புறுத்தக் கூடாது.

தும்பைப்பட்டியில் கக்கனுக்கு மணிமண்டபம் இருக்கிறது. தேர்வில் தேறிப் பயிற்சிக்குக் கிளம்பும் பிள்ளைகள் ஒருமுறை அங்கே போய் வரட்டும். வேலையில் சேர்ந்த பிறகு, சேரியிலிருந்து ஒரு தாய் புகாரோடு வந்து தயங்கி நின்றால், உட்காரச் சொல்லி நாற்காலியை இழுத்துப் போடுங்கள். பிறகு பேனாவை எடுங்கள்.