பிரான்ஹோபர்

பவேரியாவில் 1787-ஆம் ஆண்டு பிறந்த ஜோசப் பிரான்ஹோபர் 11-ஆம் அகவையிலேயே பெற்றோரை இழந்து, மியூனிக் நகரில் கண்ணாடித் தொழிலாளர் ஒருவரிடம் பணி பயின்றார். 1801-இல் அவ்வீடு இடிந்து வீழ்ந்தது. இடிபாட்டினின்றும் உயிருடன் மீட்கப்பெற்ற சிறுவருக்கு, நேரில் வந்திருந்த நாடாள்வோர் பொருள் ஈந்தார். அவர் அதனைக்கொண்டு வாங்கியது கண்ணாடி தேய்க்கும் பொறி!

ஞாயிற்றொளியில் கருங்கோடுகளை ஆராய்ந்தமையால் அவர் பெயர் நிலைத்தது. எனினும், யாம் பெரிதும் வியப்பது தோர்ப்பாத் வானாய்வகத்துக்கு 1824-இல் அவர் அளித்த தொலைநோக்கியையே. நிலவுலகு சுழல்வதால், கருவியில் அகப்பட்ட விண்மீன் விரைவில் நழுவிவிடும். ஆதலின் கருவியின் ஓர் அச்சை நிலவுலகின் அச்சுக்கு இணையாகச் சாய்த்து, எடை இறங்கும் விசையால் இயங்கும் கடிகாரப் பொறியை அதனோடு பிணைத்தார். அவ்வச்சு வானின் துருவத்தை நேரே நோக்காவிடில் பொறியால் பயனில்லை. நோக்கின், குழல் விண்மீனைத் தானே தொடர்ந்து செல்லும்.

அக்கருவிகொண்டு ஸ்துரூவ என்னும் வானநூலார் கண்ட இரட்டை விண்மீன்கள் 3,000-க்கும் மேற்பட்டவை. அவற்றின் பட்டியல் 1827-இல் வெளிவந்தது. பிரான்ஹோபர் அதனைக் காணவில்லை. முந்தைய ஆண்டே, 39-ஆம் அகவையில், காசநோயால் மறைந்தார்.