நீலக் கண் கேட்ட சிறுமி

ஆலைப் பெண்களுக்குத் தோழி. அனாதைச் சிறுமிகளுக்கு அம்மை!

மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி ஒருநாள் இரவு முழங்காலிட்டு ஜெபம் செய்தாள். கடவுளிடம் அவள் கேட்ட வரம் ஒன்றே ஒன்று. தன் கண்கள் நீல நிறமாக மாற வேண்டும்!

அவளுடைய தாயாருக்கு நீலக் கண்கள். அவளுக்கோ பழுப்புக் கண்கள். கேட்டால் கடவுள் கொடுப்பார் என்று தாயார் சொல்லியிருந்தார். ஆகவே அவள் கேட்டாள். பொழுது விடிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, நிலைக்கண்ணாடியில் பார்த்தாள்.

கண்கள் அதே பழுப்பு!

சிறுமி தேம்பினாள். மாட்டேன் என்பதும் ஒரு பதில்தான் என்று அவளுக்கு எடுத்துச் சொல்லித் தேற்ற வேண்டியதாயிற்று.

அந்தச் சிறுமிதான் எமி கார்மைக்கேல். வட அயர்லாந்தின் கடற்கரைக் கிராமமான மில்லைலில் 1867-ம் ஆண்டு டிசம்பர் 16-ந் தேதி பிறந்தவர். உடன்பிறந்தோர் அறுவர், இவரே மூத்தவர். தந்தை டேவிட் கார்மைக்கேல் மாவு ஆலை வைத்திருந்தார். வசதியான குடும்பம். எமியை இங்கிலாந்திலுள்ள ஹாரோகேட் நகரத்து விடுதிப் பள்ளியில் சேர்த்துப் படிக்க வைத்தார்கள்.

பிறகு வியாபாரம் நொடித்தது. குடும்பம் பெல்பாஸ்ட் நகருக்குக் குடியேறியது. 1885-ல் தந்தை சளிக் காய்ச்சலில் இறந்துபோனார். எமிக்கு அப்போது 17 வயது.

மூட்டை சுமந்த கிழவி

பெல்பாஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயில் முடிந்து எல்லோரும் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். கந்தல் உடுத்திய ஒரு கிழவி, தூக்க முடியாத மூட்டையுடன் தள்ளாடி வந்தாள். எமியும் தம்பிகள் இருவரும் ஓடிப்போய் மூட்டையை வாங்கிக்கொண்டு, கிழவியைக் கைத்தாங்கலாக அழைத்துச் சென்றார்கள்.

நல்ல காரியம்தான். ஆனால் எதிரே வந்தவர்கள் எல்லாம் கோயிலுக்கு வருகிற பெரிய மனிதர்கள்! இவர்களைப் பார்த்தார்கள். எமிக்கு முகம் சிவந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

வழியில் ஒரு நீரூற்று. அதைக் கடக்கும்போது, பொன்னும் வெள்ளியும் நெருப்பில் நிலைக்கும், வைக்கோல் எரிந்துபோகும் என்ற கருத்துடைய வேத வசனம் யாரோ காதருகே சொல்வதுபோல் அவருக்குக் கேட்டது. திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. அன்று பிற்பகல் அறையைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் யோசித்தார். ஊரார் என்ன நினைப்பார்கள் என்ற பயத்தை அன்றோடு விட்டுவிட்டதாகப் பின்னாளில் எழுதியிருக்கிறார்.

சால்வைக்காரிகள்

அந்தக் காலத்தில் பெல்பாஸ்ட் லினன் துணிக்குப் பேர்போன நகரம். ஆலைகளில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பத்து வயதுச் சிறுமிகள்கூட ஒருநாள் ஆலை, ஒருநாள் பள்ளி என்று மாறி மாறிப் போனார்கள். நூற்கும் கூடத்தில் எப்போதும் வெந்நீர் தெறிக்கும், தரையெல்லாம் ஈரம். பெண்கள் வெறுங்காலுடன் நின்று வேலை செய்தார்கள். சணல் தூசு படிந்து நெஞ்சு கெட்டது.

கௌரவமான பெண்கள் தொப்பி அணிந்துதான் தெருவில் நடப்பார்கள். ஆலைப் பெண்களுக்குத் தொப்பி வாங்கக் காசு ஏது? சால்வையால் தலையை மூடிக்கொண்டார்கள். அதனால் அவர்களுக்குச் சால்வைக்காரிகள் என்று பெயர். அது பட்டப் பெயர் அல்ல, வசைப் பெயர்!

இந்தப் பெண்களை ரோஸ்மேரி தெருவிலிருந்த தம் கோயில் மண்டபத்துக்கு எமி அழைத்தார். ஞாயிறு தோறும் வகுப்பு நடத்தினார். நல்ல குடும்பத்துப் பெண்கள் காலெடுத்து வைக்காத சந்துகளுக்குப் போய் அழைத்து வந்தார்.

சபையாருக்கு இது பிடிக்கவில்லை. பட்டும் தொப்பியுமாக வருகிற இடத்தில் இந்தக் கூட்டமா என்று முணுமுணுத்தார்கள். முணுமுணுத்தவர்களைக் கொடியவர்கள் என்று சொல்லிவிட முடியாது. அவர்களும் தர்மம் செய்தவர்கள்தான். ஏழைக்குக் காசு கொடுக்க அவர்கள் தயார். பக்கத்தில் உட்கார வைக்கத் தயாராயில்லை.

வகுப்புக்கு வந்தவர்கள் முந்நூறைத் தாண்டினார்கள். மண்டபம் போதவில்லை. 500 பேர் உட்காரக்கூடிய இரும்புத் தகடுக் கொட்டகை 500 பவுனுக்குக் கிடைக்கும் என்று ஒரு பத்திரிகையில் விளம்பரம் வந்திருந்தது. எமி யாரிடமும் வசூலுக்குப் போகவில்லை, ஜெபம் செய்தார். கேட் மிட்செல் என்ற சீமாட்டி பணம் முழுவதையும் கொடுத்தார். ஆலை முதலாளி ஒருவர் கேம்ப்ரே தெருவில் இடம் கொடுத்தார்.

1889-ம் ஆண்டு ஜனவரி 2-ந் தேதி கொட்டகை திறக்கப்பட்டது. பெயர் வெல்கம். அழைப்பிதழில் ஒரு விசேஷம். எல்லோரும் வேலை உடையுடனேயே வரலாம் என்று அச்சிட்டிருந்தார்கள்! தொப்பியில்லை என்று கூசி நின்ற பெண்ணுக்கு அந்த ஒரு வரி எப்படி இருந்திருக்கும்!

திறப்பு விழாவில் எமியை மேடையில் காணோம். கூட்டத்தின் நடுவே, ஆலைப் பெண்களோடு அமர்ந்திருந்தார். வயது 21.

வெல்கமில் ஞாயிறன்று வேத வகுப்பு. மற்ற நாட்களில் பாட்டுப் பயிற்சி, இரவுப் பள்ளி, தையல் வகுப்பு, பெண்கள் கூட்டம். மத்தியான இடைவேளையிலும் கூட்டம் உண்டு. பள்ளிக்கூடம் பாதியில் நின்றவர்கள் எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். வெல்கம் என்ற பெயர் அந்தத் தெருவில் இன்றும் நிலைத்திருக்கிறது.

கடல் கடந்து

அதே ஆண்டு மான்செஸ்டர் நகரத்து ஆலைப் பெண்களிடம் வேலைக்குப் போனார். சேரியிலேயே தங்கினார். உடம்பு கெட்டது. சீனாவுக்குப் போக விரும்பினார். உடல்நிலையைக் காட்டி மறுத்துவிட்டார்கள். 1893-ல் ஜப்பானுக்குப் போனார். ஒன்றேகால் ஆண்டில் அங்கும் நோய். இலங்கை வந்து, ஊர் திரும்பி, 1895-ல் இந்தியா வந்து சேர்ந்தார். முதலில் பெங்களூர், பிறகு திருநெல்வேலிச் சீமை. அதன் பிறகு தாய்நாட்டை அவர் பார்க்கவே இல்லை.

இங்கே வாக்கர் பாதிரியாரிடம் தமிழ் கற்றார். சேலை உடுத்தினார். பொன்னம்மாள் என்ற இளம் விதவை அவருக்கு வலக்கை ஆனார். புகுந்த வீட்டில் ஒடுங்கிக் கிடந்த அந்தப் பெண், நகைகளைக் கழற்றி வைத்துவிட்டு, எமியோடு மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போனார். நகையைக் கொண்டே பெண்ணை எடை போட்ட ஊரில் அது சாமானியத் துணிவல்ல.

1901-ம் ஆண்டு மார்ச் மாதம். பண்ணைவிளையில் எமி தங்கியிருந்த வீட்டுக்கு ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியைக் கொண்டுவந்து விட்டார்கள். கோவிலுக்குப் பொட்டுக் கட்ட வளர்க்கப்பட்டவள். முன்பு ஒரு தடவை தூத்துக்குடியிலிருந்த தாயிடம் ஓடியிருக்கிறாள். தாயே திருப்பி ஒப்படைத்துவிட்டாள். பிடிபட்டதற்குத் தண்டனையாகக் கைகளில் சூடு போட்டார்களாம். மறுபடியும் தப்பி வந்தவள், எமியின் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள், போகமாட்டேன் என்றாள்.

எமியின் வாழ்க்கை அன்று திசை மாறியது.

இப்படிப்பட்ட சிறுமிகள் எங்கே இருக்கிறார்கள் என்று தேடத் தொடங்கினார். தோலுக்குக் காப்பிச் சாயம் பூசிக்கொண்டு, சேலை முக்காட்டுடன் ஊருக்குள் போய் விசாரித்ததாகச் சொல்வார்கள். நீலக் கண்கள் இருந்திருந்தால் வாசலிலேயே காட்டிக்கொடுத்திருக்கும். மூன்று வயதில் அழுது தீர்த்த பழுப்புக் கண்கள் இப்போது கைகொடுத்தன!

டோனாவூர்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலுள்ள டோனாவூரில் இல்லம் வளர்ந்தது. 1913-ல் 130 குழந்தைகள். கைக்குழந்தைகள் பலர் நோயில் இறந்த துயரமும் உண்டு. பெற்றவர்கள் கேட்டு வந்தால் சட்டம் அவர்கள் பக்கம். குழந்தையை மறைத்தால் கடத்தல் குற்றம். எமி அந்தப் பயத்தோடுதான் பல ஆண்டுகள் உறங்கினார்.

சக மிஷனரிகள் சிலருக்கும் அவர்மேல் வருத்தம். தாலாட்டுவதும் நகம் வெட்டுவதும் ஊழியமா என்று கேட்டார்கள். மேல்சாதிப் பெண்கள் அந்த வேலையை இழிவு என்றார்கள். பொன்னம்மாள் அதைச் செய்து காட்டினார், மற்றவர்கள் பின்தொடர்ந்தார்கள்.

பல குழந்தைகளுக்குப் பிறந்த நாள் தெரியாது. அதனால் அவர்கள் இல்லத்துக்கு வந்த நாளையே விழாவாகக் கொண்டாடினார் எமி. ஒவ்வொருத்திக்கும் பூ, பரிசு, பாட்டு. நீ வந்த நாள் எங்களுக்கு நல்ல நாள் என்பதை ஒரு குழந்தைக்கு இதைவிட எப்படிச் சொல்வது?

1917-ல் மலைக்காட்டில் ஒரு துண்டு நிலம் வாங்கி வீடு கட்டினார்கள். கோடையில் சிறுமிகளைக் கூட்டம் கூட்டமாக அங்கே அழைத்துப் போவார். பகலில் அருவித் தடாகத்தில் நீச்சல். அம்மையாரும் கூடவே நீந்துவார்! பிறகு ஜெபம், பாட்டு, தனிமை.

எமி மிகக் கண்டிப்பானவர். இல்லத்தை வெளியுலகம் அதிகம் படாமல் வளர்த்தார். அது பெரிய பெண்களான பிறகு சிலருக்குச் சிரமமாகவும் இருந்திருக்கும். பாராட்டை அவர் ஏற்பதில்லை. 1919-ல் அரசாங்கம் கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் அறிவித்தபோது சங்கடப்பட்டார்.

1918 முதல் சிறுவர்களுக்கும் இல்லம் திறந்தார். 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்வையிடப் போனவர், மாலை மங்கலில் குழியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். அதன்பின் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அறையும் படுக்கையுமே கதி. அங்கிருந்தே புத்தகங்கள் எழுதினார். ஒவ்வொரு பெண்ணுக்கும் சிறு சிறு கடிதங்கள் அனுப்பினார்.

பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முதலானோர் போராடினார்கள். 1947-ல் சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது. எமி அதைக் கேட்க உயிரோடு இருந்தார். 1951-ம் ஆண்டு ஜனவரி 18-ந் தேதி, 83-வது வயதில் காலமானார்.

தம் கல்லறைமேல் கல் வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் அந்தச் சொல்லைத் தட்டவில்லை. மரங்களுக்கு நடுவே பறவைகள் நீர் குடிக்க ஒரு தொட்டியை மட்டும் வைத்தார்கள். அதில் பொறித்திருப்பது ஒரே சொல்: அம்மை.