காலஞ்சென்ற பூர்ணம் விசுவநாதன்

செய்தி அறிவிக்கும் தொழிலினர் கேளிக்கை அரங்கிலும் தோன்றுதல் தகுமோ என்னும் வினா இந்நாளில் அடிக்கடி எழுகின்றது. தொலைக்காட்சியில் செய்தி வாசித்துப் பெயர்பெற்ற பாத்திமா பாபு அவர்களும், இலங்கையிற் செய்தி வாசித்த லொஸ்லியா அவர்களும் 2019-ஆம் ஆண்டிலும், அனிதா சம்பத் அவர்கள் 2020-ஆம் ஆண்டிலும் ‘பிக் பாஸ்’ என்னும் பொழுதுபோக்கு நிகழ்ச்சியிற் புகுந்தனர். அமெரிக்க நாட்டிற் பெருமதிப்புற்ற செய்தியாளராகிய வால்ட்டர் கிராங்கைட் என்பாரும் 1974-ஆம் ஆண்டில் நகைச்சுவைத் தொடரொன்றில் தோன்றினார். இதனைக் கண்டு மகிழ்வாரும் உளர், முகஞ்சுளிப்பாரும் உளர். இவ்வினாவுக்கு வாதத்தினும் ஒரு மனிதரின் வாழ்க்கையே நல்விடை தரும் என்று கருதி, பூர்ணம் விசுவநாதன் அவர்களின் சரித்திரத்தை ஈண்டுச் சுருங்கக் கூற முற்பட்டோம்.

இவர் 1921-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 15-ஆம் நாள் பிறந்தார். இவர்தம் குடும்பம் நெல்லைச் சீமையைச் சார்ந்தது; தமிழ்ச் சுவை மிக்கது. உடன்பிறந்தாருள் ஒருவர் ‘முள்ளும் மலரும்’ என்னும் நாவலை எழுதிய உமாசந்திரன். மற்றொருவர் உருசிய இலக்கியங்களைத் தமிழிற் பெயர்த்துத் தந்த பூர்ணம் சோமசுந்தரம். இத்தகைய குடும்பத்திற் பிறந்தார்க்குச் சொல்லின் அருமையும் உச்சரிப்பின் தூய்மையும் இளமையிலேயே வாய்த்தமை வியப்பன்று.

விசுவநாதன் அவர்கள் தில்லி மாநகர் சென்று, அகில இந்திய வானொலியில் தமிழ்ச் செய்தி வாசிக்கும் பணியில் அமர்ந்தார். அக்காலத்தில் செய்தி வாசிப்போரின் முகத்தை எவரும் காணார். குரல் ஒன்றே அவர்க்கு அடையாளம். தேசம் விடுதலை பெற்ற வேளையில் இந்தியாவில் இருந்த அகில இந்திய வானொலி நிலையங்கள் ஆறே. அவற்றுள் தமிழ்நாட்டிற்கு உரியவை சென்னையும் திருச்சிராப்பள்ளியும். 1947-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15-ஆம் நாள், இந்தியா சுதந்தரம் அடைந்தது என்னும் செய்தியைத் தமிழில் வாசித்தளிக்கும் பேறு இவர்க்கே கிட்டியது. அன்று இவர்க்கு வயது இருபத்தைந்து. நூற்றாண்டுகளாக அடிமைப்பட்டுக் கிடந்த மக்களுக்கு அவ்வொரு வாக்கியத்தைச் சொல்லும் வாய் எத்துணை நடுங்கியிருக்கும்! எனினும் செய்தி வாசிப்போர் தம் களிப்பையும் துயரையும் குரலிற் கலவாது, எழுதியளித்ததை எழுதியளித்தவாறே கூறுதல் வேண்டும். அதே நாட்களில் நாட்டுப் பிரிவினையால் விளைந்த கொடுமைகளும் செய்தியாக வந்துகொண்டிருந்தன. இரண்டையும் ஒரே நிதானத்தோடு உரைத்தலே அத்தொழிலின் அறம்.

இனி, இவர்தம் வாழ்வின் மற்றொரு பக்கத்தைக் காண்போம். தில்லியில் வாழ்ந்த காலத்திலேயே இவர் தமிழ் நாடகங்களில் நடித்தார். பின்னர்ச் சென்னைக்கு வந்து, தமக்கென ஒரு நாடகக் குழுவை அமைத்து நடத்தினார். எழுத்தாளர் சுஜாதா இக்குழுவிற்காக நாடகங்கள் பல எழுதினார். ‘அடிமைகள்’, ‘ஊஞ்சல்’, ‘டாக்டர் நரேந்திரனின் விநோத வழக்கு’ ஆகியவை அவற்றுட் சில. ‘கடவுள் வந்திருந்தார்’ என்னும் நாடகத்தில், பணியினின்றும் ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர்க்கு எதிர்காலத்திலிருந்து வந்த ஒருவன் காட்சியளிக்கின்றான். அவன் பிறர் கண்ணுக்குப் புலப்படான். முதியவர் உள்ளதையே கூறுகின்றார். வீட்டாரோ அவர்க்குப் பித்தென்று எண்ணுகின்றனர். தேசம் முழுதும் நம்பிய செய்தியை வாசித்தவர், எவரும் நம்பாத செய்தியைச் சொல்லும் கிழவராக நின்று அவையோரை நகைக்கச் செய்தமை எண்ணுந்தோறும் இன்பந் தருவதாகும்.

திரைப்படத்திலும் இவர் பெயர் நிலைத்தது. 1980-இல் வெளிவந்த ‘வறுமையின் நிறம் சிவப்பு’ என்னும் படத்தில் இசைவாணராகிய தந்தையாகவும், 1981-இல் வெளிவந்த ‘தில்லு முல்லு’ என்னும் நகைச்சுவைப் படத்தில் கதாநாயகனுக்கு வேலை பெறும் உபாயத்தைக் கற்பிக்கும் மருத்துவராகவும், 1994-இல் வெளிவந்த ‘மகாநதி’யில் சிறையில் வாடும் முதியவராகவும் நடித்தார். நகைப்பூட்டுதலும் கண்ணீர் வருவித்தலும் இவர்க்கு ஒருங்கே எளிதாயின. 2008-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் முதல் நாள், தமது எண்பத்தாறாம் வயதில் இவ்வுலக வாழ்வை நீத்தார். நாடகத் துணைவராகிய சுஜாதாவும் அவ்வாண்டு பிப்ரவரியில் மறைந்தமை, தமிழ் நாடகமேடைக்கு ஒரே ஆண்டில் நேர்ந்த இரட்டை இழப்பாயிற்று.

நிற்க. செய்தி சொல்வோன் சிரிக்கவும் வைக்கலாமோ? கள்ளக்குறிச்சி மாவட்டத்து நைனார்பாளையத்தில் நின்று நோக்கும் நமக்கு இவ்வினா புதிதன்று. பழைய தென்னார்க்காட்டுச் சீமையின் பகுதியாகிய இந்நிலம் தெருக்கூத்துக்குப் பெயர்போனது. கூத்தில் கட்டியக்காரன் என்பான் ஒருவன் உளன். அரசன் வருகின்றான் என்று சபைக்கு அறிவிப்பவன் அவனே. அவ்வரசனையே கேள்வி கேட்டு ஊராரைச் சிரிக்க வைப்பவனும் அவனே. அவன் கோமாளி என்பதற்காக, துரியோதனன் வருகையை அவன் அறிவிக்குங்கால் எவரும் ஐயுறுவதில்லை. எப்பொழுது அறிவிக்கின்றான், எப்பொழுது விளையாடுகின்றான் என்பது, விடிய விடிய அமர்ந்திருக்கும் பாமரர்க்கும் நன்கு விளங்கும்.

விசுவநாதன் அவர்களின் வாழ்வும் இதனையே உணர்த்துகின்றது. நடிகன் கூறும் பொய் திரையும் அரிதாரமும் இட்டு, இது பொய் என்று முன்னரே அறிவித்துக் கூறும் பொய். அதனால் வஞ்சிக்கப்படுவார் ஒருவரும் இலர். செய்தியாளர் கூத்து மேடை ஏறுதலால் உலகுக்குக் கேடில்லை. கூத்து மேடை செய்தியறைக்குள் புகுந்து, மெய்க்கும் அரிதாரம் பூசப்படுமாயின் அன்றே கேடு வரும். அப்பொழுது நைனார்பாளையத்து உழவன் மழையைப் பற்றிய அறிவிப்பையும் நம்பான். நோயைப் பற்றிய எச்சரிக்கையையும் நம்பான். தேர்தல் முடிவையும் நம்பான். இழந்த பொருளை மீட்கலாம். இழந்த நம்பிக்கையை மீட்டல் அரிது.

நம் கலாசாலை மாணாக்கருள் நாளைச் செய்தித் தொழில் புகுவாரும் உளர், மேடையேறுவாரும் உளர், இரண்டும் செய்வாரும் இருக்கலாம். அவர்க்கெல்லாம் பூர்ணம் விசுவநாதன் அவர்களின் குரல் ஒரு வழிகாட்டியாகும். ஒரு குரலே தேசத்தின் விடுதலையையும் அறிவித்தது; தேசத்தைச் சிரிக்கவும் வைத்தது. மேடையிற் பூசிய சாயத்தை மேடையிலேயே கழுவிவிட்டு வரும் நேர்மை இருப்பின், இரண்டும் தொண்டே என்பது நம் துணிபு.